இங்கிலாந்து குடும்ப கோர்ட்டில் வக்கீல் இல்லாமல்: மகளைப் பார்ப்பதற்காக நான் செய்தவை

இங்கிலாந்தில் குடும்பம் பிரிந்து, பிள்ளையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் நம் ஆட்கள் யாராவது என்னிடம் பேச வந்தால், முதலில் கேட்பது வக்கீலுக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். நானும் அதைத்தான் முதலில் விசாரித்தேன். லண்டன் பக்கம் குடும்ப வழக்கு பார்க்கும் சொலிசிட்டர்கள் பலர் மணிக்கு 250 பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். அதற்கு மேல் 20 சதவீதம் வாட். ஒரு கடிதம் எழுதினாலும், ஃபோனில் பத்து நிமிடம் பேசினாலும் கணக்கில் ஏறும். கிடங்கில் வாங்கும் சம்பளத்தில் வாடகையும் கட்டி, மகளுக்கான பராமரிப்புப் பணமும் கொடுத்த பிறகு, வழக்கு முடியும்வரை அந்தக் கணக்கைச் சுமக்க எனக்கு வழியில்லை. அதனால் என் வழக்கை நானே நடத்தினேன். மகளோடு நேரமும் கிடைத்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு மூடிய அறையில் நடக்கும். உள்ளே யார் என்ன சொன்னார்கள், அறிக்கையில் என்ன இருந்தது என்பதையெல்லாம் வெளியே எழுதினால் அது கோர்ட் அவமதிப்பு ஆகலாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் அதே கதைதான். ஃபேஸ்புக்கில் கொந்தளித்து எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே என் வழக்கின் உள்விவரம் எதுவும் இங்கே வராது. எப்படித் தயாரானேன், எது உதவியது என்பது மட்டும் வரும்.

வக்கீல் இல்லாமல் நிற்பதை அவமானமாக நினைக்காதீர்கள். 2012-ல் கொண்டுவந்த சட்டப்படி, 2013 ஏப்ரல் முதல், பிரிந்த பெற்றோருக்கு இடையிலான இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசின் இலவச சட்ட உதவியை நிறுத்திவிட்டார்கள். குடும்ப வன்முறைக்கோ பிள்ளைக்கு நடந்த கொடுமைக்கோ உரிய ஆதாரம் காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும், வருமானத்தையும் பார்த்து, இன்னும் கிடைக்கிறது. இப்போது இந்த வழக்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இரண்டு பக்கமும் வக்கீல் கிடையாது. ஜட்ஜுகளுக்கு நம்மைப் போன்றவர்கள் பழகிப்போனவர்கள்தான்.

அடி வாங்கி வீட்டை விட்டு வந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விசாவில் ‘பொது நிதி கிடையாது’ (அதாவது அரசின் உதவித்தொகைகள் கிடையாது) என்று இருப்பதைப் பார்த்து, சட்ட உதவியும் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொது நிதிப் பட்டியலில் சட்ட உதவி இல்லை. டாக்டரின் கடிதம், போலீஸ் பதிவு, வன்முறையில் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்பின் கடிதம் இவையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படும். நானே நடத்திக்கொள்கிறேன் என்று இறங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

சரி, வழிமுறைக்கு வருவோம். கோர்ட்டுக்குப் போவதற்கு முன் மீடியேட்டர் ஒருவரை, அதாவது இருவருக்கும் நடுவில் இருந்து பேச உதவுபவரை, பார்க்க வேண்டும். அந்த முதல் சந்திப்பை மயாம் (MIAM) என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தனித்தனியாகவே போகலாம். பொதுவாக நூறு பவுண்டுக்கு மேல் வாங்குகிறார்கள். ஆனால் உங்கள் இருவரில் ஒருவருக்குச் சட்ட உதவித் தகுதி இருந்தாலே அந்தச் சந்திப்பு இருவருக்கும் இலவசம். மீடியேஷனுக்கான சட்ட உதவியை அரசு நிறுத்தவில்லை. அதற்கு மேல் மீடியேஷன் தொடர்ந்தால் 500 பவுண்டு வரை அரசு வவுச்சர் கிடைக்கலாம். அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. வன்முறைக்கு ஆதாரம் இருந்தால் இந்தப் படியே தேவையில்லை.

திருச்சியிலிருந்து அம்மா, “ஏன்டா தம்பி, பெரியவங்க நாலு பேர வச்சுப் பேசக் கூடாதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேசிப் பார்த்தோம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தால் யார் பக்கம் நியாயம் என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கூப்பிட வரலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமே வருவதில்லை. மீடியேட்டர் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தார்.

அது ஒத்துவராவிட்டால், கோர்ட்டிடம் உத்தரவு கேட்க சி100 என்ற படிவம். இணையத்திலேயே நிரப்பலாம். கட்டணம் இருநூற்றைம்பது பவுண்டுக்கு மேல். வருமானம் குறைவென்றாலோ, யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கினாலோ கட்டண உதவிக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். முழுவதுமே தள்ளுபடி ஆகலாம். பிள்ளைக்கோ உங்களுக்கோ ஆபத்து என்று சொல்வதற்கு சி1ஏ என்ற தனிப் படிவம் உண்டு. உங்கள் முகவரி எதிர்த் தரப்புக்குத் தெரியக் கூடாது என்றால் சி8. நாம் கேட்கும் உத்தரவைப் பழக்கத்தில் ‘காண்டாக்ட் ஆர்டர்’ என்று சொன்னாலும் 2014-லிருந்து அதன் பெயர் ‘சைல்ட் அரேஞ்மென்ட்ஸ் ஆர்டர்’. பிள்ளை யாரோடு வசிக்கும், யாரோடு எப்போது நேரம் செலவிடும் என்பது இரண்டும் அதற்குள் வரும். அப்புறம், 2024 ஏப்ரலில் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு எஃப்எம்5 என்று ஒரு சின்னப் படிவமும் இருக்கிறது. கோர்ட்டுக்கு வெளியே தீர்க்க என்ன முயற்சி செய்தீர்கள் என்று கேட்கும். ஹியரிங்குக்கு, அதாவது கோர்ட் விசாரணைக்கு, ஏழு வேலை நாட்கள் முன்பாகக் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாதவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

வழக்கு பதிவானதும் காஃப்காஸ் என்ற அமைப்பு வரும். பிள்ளையின் நலனைப் பற்றி கோர்ட்டுக்குச் சொல்வது அவர்கள் வேலை. வேல்ஸில் அதற்குத் தனி அமைப்பு. பெற்றோர் இருவரைப் பற்றியும் போலீசிலும் கவுன்சிலிலும் விசாரிப்பார்கள். பிறகு இருவரிடமும் தனித்தனியாக ஃபோனில் பேசி, முதல் ஹியரிங்குக்கு முன் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுவார்கள். அந்த ஃபோன் பேச்சை ஒரு ஹியரிங் அளவுக்கு மதித்துத் தயாராகுங்கள். வேலை இடைவேளையில் கிடங்குச் சத்தத்துக்கு நடுவே பேச வேண்டாம். விடுப்பு எடுங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லுங்கள். எப்போதாவது வீட்டுக்குப் போலீஸ் வந்திருந்தால் நீங்களே அதைச் சொல்லிவிடுவது நல்லது. அது எப்படியும் அவர்கள் கையில் இருக்கும். பிள்ளையின் அன்றாடத்தைப் பற்றிப் பேசுங்கள்: என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், தூங்குவதற்கு முன் என்ன வேண்டும், நர்சரியில் யார் தோழி. அப்பாக்கள் பலர் இந்த இடத்தில் மனைவியைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள்.

டோர்செட்டிலும் வட வேல்ஸிலும் 2022-ல் பாத்ஃபைண்டர் என்ற புதிய முறை தொடங்கி இப்போது பர்மிங்காம் போன்ற இடங்களுக்கும் வந்துவிட்டது. அங்கே பிள்ளையைப் பற்றிய விரிவான அறிக்கை முதலிலேயே தயாராகும். உங்கள் ஊர் கோர்ட்டில் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடைமுறையின் வரிசை மாறும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். 1989-ஆம் ஆண்டு சில்ட்ரன் ஆக்ட் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று முதல் பிரிவிலேயே சொல்கிறது. நலன் என்றால் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியலும் இருக்கிறது. வயதுக்கு ஏற்ப பிள்ளையின் விருப்பம், உடல், மனம், படிப்பு சார்ந்த தேவைகள், நிலைமை மாறினால் என்ன பாதிப்பு, பிள்ளையின் வயதும் பின்புலமும், ஏற்கெனவே பட்ட அல்லது படக்கூடிய தீங்கு, பெற்றோரின் திறன். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியல் அது. அதை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கல்யாணம் ஏன் உடைந்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மாமியார் என்ன சொன்னார், நகை யார் போட்டது, யார் முதலில் வீட்டை விட்டுப் போனது, எதுவும் இல்லை. ஜட்ஜ் முன்னால் இருப்பது ஒரு குழந்தையின் அடுத்த சில வருடங்கள். அந்த வருடங்களில் உங்கள் பங்கு எப்படி இருக்கும் என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தவர்தான் அந்த அறையில் உதவியானவர். அதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை.

மனதில் இருப்பதையெல்லாம் கொட்டவும் ஓர் இடம் வேண்டும், அதை மறுக்கவில்லை. நான் ஒரு நோட்டில் இரவெல்லாம் எழுதினேன். அந்த நோட்டு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கோர்ட்டுக்குப் போனது இரண்டு பக்கம். பொசிஷன் ஸ்டேட்மென்ட் என்று அதற்குப் பெயர். பத்திகளுக்கு எண் போட்டு, எதில் இருவருக்கும் உடன்பாடு, எதில் இல்லை, நான் கேட்பது என்ன, அது பிள்ளைக்கு ஏன் நல்லது, எதிர்த் தரப்பின் கவலைக்கு என் பதில் என்ன, இவ்வளவுதான். ஹியரிங்குக்கு முன்பே கோர்ட்டுக்கும் எதிர்த் தரப்புக்கும் மின்னஞ்சல் செய்துவிட வேண்டும். கோர்ட் கேட்காத ஸ்கிரீன்ஷாட்டுகளை மூட்டையாக அனுப்ப வேண்டாம். ஆதாரம் எப்போது, எத்தனை பக்கம் என்று ஜட்ஜே உத்தரவிடுவார்.

கேட்பதை நாள், மணி, இடத்தோடு கேளுங்கள். ‘என் மகளை நான் பார்க்க வேண்டும்’ என்பதை வைத்து யாரும் உத்தரவு எழுத முடியாது. ‘சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை நான்கு வரை, நூலக வாசலில் அழைத்துக்கொண்டு அங்கேயே திரும்ப விடுவேன்’ என்பதை வைத்து எழுதலாம். நீண்ட நாள் பார்க்காத பிள்ளை என்றால் படிப்படியாகக் கேளுங்கள். முதலில் இரண்டு மணி நேரம், சில வாரம் கழித்து அரை நாள், பிறகு முழு நாள், பிறகு இரவு தங்கல். எந்தக் கட்டத்தில் எது மாறும் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், அந்தப் பிள்ளையின் கால்களுக்கு ஏற்ற வேகத்தை நீங்கள் யோசித்திருக்கிறீர்கள் என்று தெரியும். பின்புலம் என்று சட்டம் சொல்வதில் நம் மொழியும் கோயிலும் தாத்தா பாட்டியும் அடங்கும். ஆனால் பொங்கலும் தீபாவளியும் இங்கே பெரும்பாலும் பள்ளி நாளில் வரும். ‘பொங்கலுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை’ என்று கேட்பது நடக்கக்கூடியது. ஊருக்கு வீடியோ கால் என்றால் மாலை ஐந்து மணி வேண்டாம், குளிர்காலத்தில் அப்போது திருச்சியில் இரவு பத்தரை. ஞாயிறு காலை பத்து மணி என்றால் பாட்டியும் விழித்திருப்பார், பிள்ளையும் சாப்பிட்டிருக்கும்.

நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் பயம் ஒன்று உண்டு. பிள்ளையை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பாமல் இருந்துவிடுவாரோ என்று. இது வெறும் சந்தேகம் இல்லை. பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அங்கே போய்விட்ட பிள்ளையை மீட்பது மிகவும் கடினம் என்று ஜட்ஜுக்குத் தெரியும். இலங்கை அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. இந்தப் பயத்தை எதிர்த் தரப்பு கிளப்பினால் கோபப்படாதீர்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே பதில் வைத்திருங்கள். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், எத்தனை காலத்துக்கு வெளிநாட்டுப் பயணம் கேட்க மாட்டீர்கள், பிறகு போவதென்றால் எத்தனை வாரம் முன்பு டிக்கெட்டும் முகவரியும் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த பலருக்கு இரவு தங்கலுக்கான கதவைத் திறந்தது இந்த ஒரு பத்திதான். மாறாக, பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார் என்று உங்களுக்கே பயம் இருந்தால், அதே சி100 படிவத்தில் தடை உத்தரவும் கேட்கலாம். அவசரம் என்றால் விண்ணப்பிக்கும்போதே சொல்லுங்கள்.

ஹியரிங் அன்று ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். கூட வரும் சொந்தக்காரர்கள் உள்ளே வர முடியாது. என்னைக் காரில் கூட்டிக்கொண்டு வந்த மாமா வெளியேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் ‘மெக்கென்சி ஃபிரெண்ட்’ என்று ஒருவரை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். அவர் குறிப்பெடுக்கலாம், காகிதங்களை எடுத்துக் கொடுக்கலாம், காதோடு ஆலோசனை சொல்லலாம். உங்களுக்காகப் பேச முடியாது. மெக்கென்சி என்பவரின் விவாகரத்து வழக்கில், அவருக்கு உதவ உட்கார்ந்திருந்த இளம் ஆஸ்திரேலிய பாரிஸ்டரை (கோர்ட்டில் வாதாடும் வக்கீலை) ஜட்ஜ் உதவக் கூடாது என்று சொல்லிவிட்டார். 1970-ல் அப்பீல் கோர்ட் அது தவறு என்று மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஜமைக்காவிலிருந்து வந்து, கையில் காசில்லாமல் நின்ற ஒருவரின் பெயரால் இன்று நமக்கு ஒரு துணை கிடைக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும். காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை, அதனால் கவனம். எனக்கு உதவியது வேலை இடத்து நண்பர் ஒருவர். வேகமாக எழுதத் தெரிந்த, வாய் திறக்காத மனிதர். அந்த இரண்டு குணமும் போதும்.

சப்போர்ட் த்ரூ கோர்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். சட்ட ஆலோசனை தர மாட்டார்கள், ஆனால் படிவம் பார்க்க உதவுவார்கள், துணைக்கு உட்காருவார்கள், இலவசம். எளிய ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் வேண்டுமென்றால் அட்வைஸ்நவ் தளம். கொஞ்சம் பணம் இருந்தால் அதை எங்கே செலவழிப்பது என்றும் யோசியுங்கள். சொலிசிட்டர் இல்லாமலே நேரடியாக பாரிஸ்டரை அமர்த்த வழியிருக்கிறது. ஒரு ஹியரிங்குக்கு ஒரே தொகை என்று பேசிக்கொள்ளலாம். இறுதி ஹியரிங்குக்கோ, அதற்கு முன் ஒரு மணி நேர ஆலோசனைக்கோ அந்தப் பணத்தை வைத்திருப்பது, ஆரம்பத்திலேயே கடிதங்களுக்குக் கரைப்பதைவிட நல்லது என்பது என் கருத்து.

எதிர்த் தரப்புக்கு வக்கீல் இருந்தால், அவர் வராந்தாவில் உங்களிடம் வந்து பேசுவார். பெரும்பாலும் மரியாதையாகவே பேசுவார்கள். ஆனாலும் அவர் அவர்களுடைய வக்கீல். அங்கேயே தலையாட்ட வேண்டியதில்லை. “எழுதிக் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஒத்துவருவதை ஒப்புக்கொள்ளுங்கள், மற்றதை ஜட்ஜிடம் விடுங்கள். உள்ளே விக் வைத்த யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு ஜட்ஜோ, மூன்று மாஜிஸ்ட்ரேட்டுகளும் ஒரு சட்ட ஆலோசகருமோ இருப்பார்கள். ஜட்ஜைப் பெரும்பாலும் ‘ஜட்ஜ்’ என்றே அழைக்கலாம். மாஜிஸ்ட்ரேட் என்றால் சார், மேடம். மற்றவர் பேசும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முறை கட்டாயம் வரும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோர்ட்டே இலவசமாக ஏற்பாடு செய்யும், முன்கூட்டியே கேட்க வேண்டும். ஃபோனில் பதிவு செய்யவே கூடாது. வன்முறை சம்பந்தப்பட்டவர் அதே கட்டிடத்தில் இருப்பார் என்றால் தனிக் காத்திருப்பு அறையும் திரையும் கேளுங்கள். அவர் உங்களை நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்வதை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பல சூழல்களில் தடுத்துவிட்டது. அது 2022 ஜூலை 21 முதல் தொடங்கிய வழக்குகளுக்குப் பொருந்தும்.

முதல் உத்தரவு நீங்கள் கேட்டதைவிடக் குறைவாக இருக்கலாம். காண்டாக்ட் சென்டரில், அதாவது பிரிந்த பெற்றோர் பிள்ளையைச் சந்திக்கும் பொது இடத்தில், இரண்டு மணி நேரம் என்று வந்தால் மனம் நொந்துவிடும். பெரும்பாலும் சர்ச் ஹாலோ சமூகக் கூடமோதான். பொம்மைகள் இருக்கும், தன்னார்வலர்கள் இருப்பார்கள், மற்ற குடும்பங்களும் இருக்கும். குற்றவாளி போல உட்கார்ந்திருக்கிறோமே என்று தோன்றும். தயவுசெய்து போங்கள், நேரத்துக்குப் போங்கள். பிள்ளைக்கு அது விளையாட வந்த இடம், அங்கே அப்பாவும் இருக்கிறார். ஒரு கதைப் புத்தகமும் பழமும் கொண்டுபோங்கள். பெரிய பரிசு வேண்டாம். வழக்கைப் பற்றி, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்தைத் தவறாமல் காப்பாற்றினால், அடுத்த படியைக் கேட்கும்போது உங்கள் கையில் உறுதியான காரணம் இருக்கும்.

வாதத்துக்குத் தயாரான அளவு அக்கறையோடு உத்தரவின் வாசகத்தையும் படியுங்கள். எதிர்த் தரப்பு வக்கீல் எழுதினால் கோர்ட்டுக்குப் போகும் முன் உங்களுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பள்ளி விடுமுறையில் சனிக்கிழமை தொடருமா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஈடு நாள் எது, தாமதமானால் எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று இல்லாவிட்டால் பிறகு அதற்கே சண்டை வரும். உத்தரவை மீண்டும் மீண்டும் மீறினால் சி79 படிவம் போட்டு அமல்படுத்தக் கேட்கலாம். அதற்கு உதவ, நடந்ததும் நடக்காததும் தேதியோடு ஒரே நோட்டில் இருக்கட்டும். அனுப்பும் ஒவ்வொரு மெசேஜையும் ஒரு நாள் ஜட்ஜ் படிப்பார் என்று நினைத்தே அனுப்புங்கள்.

இன்னொன்று. ‘பெற்றோர் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் மற்ற நேரங்களிலும்’ என்ற வரியை உத்தரவின் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நாங்கள் நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஒரு வரி இருந்ததால் இரண்டு மின்னஞ்சலில் முடிந்தது. கோர்ட்டுக்குத் திரும்பப் போகவும் இல்லை, கட்டணம் கட்டவும் இல்லை.